கேப்டன் மடியிலிருந்த பூனை

கடைக்கு வந்த அம்மாள் ஆறாவது குழாயையும் திருகிப் பார்த்துவிட்டு, "தண்ணி வந்தாதானே இதோட லட்சணம் தெரியும்" என்று உதட்டைப் பிதுக்கிய நேரத்தில் அவன் கைபேசி மேசைமேல் நடுங்கியது. எதிரே ஆள் நிற்கும்போது கைபேசியைத் தொடுவது குழாய்க்கடைக்காரனுக்குப் பாவத்தில் சேர்த்தி. பேரம் படிகிற நேரத்தில் கண் அந்தப் பக்கம் போனால் ஆள் இந்தப் பக்கம் போய்விடும். இருந்தாலும் ஓரக்கண் போய்விட்டது. முதல் வரியே போதுமாக இருந்தது. 'நண்பர்களே, காத்திருந்தது போதும். வருகிற ஞாயிறு காலை பத்து மணி.' அவன் முகம் வெளிறியதைக் கண்ட அம்மாள், தான் கேட்ட விலைதான் மனிதனை இப்படிச் சாய்த்துவிட்டது என்று நினைத்து, "சரி விடுங்க, உங்க விலைக்கே போட்டுக் குடுங்க, பாவம்" என்றாள். பதினெட்டு வருட வியாபாரத்தில் அவன் காட்டிய ஆகச் சிறந்த நடிப்பு அது. அது நடிப்பே இல்லை என்பதுதான் கொடுமை.

ஞாயிறு வரப்போவது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. பெயர் 'ஏழாவது கலங்கரை'. சுடுவது, குத்துவது, கார் ஓட்டுவது எதுவும் அதில் கிடையாது. காணாமல்போன தன் கேப்டனைத் தேடி ஒரு மாலுமி கையில் லாந்தரோடு தீவு தீவாக அலைவான். கண்ணில் படுகிற கயிறு, கரண்டி, உடைந்த கடிகாரம் என்று எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எது எங்கே உதவும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். திரையின் அடியில் ஒன்பது கட்டளைகள் இருக்கும்: எடு, கொடு, திற, மூடு, தள்ளு, இழு, பேசு, பயன்படுத்து, வை. அவனுக்குப் பதினான்கு வயதில் வந்தது. வந்த வேகத்தில் கம்பெனி மூடிக்கொண்டது. விடை சொல்லும் புத்தகம் அச்சாகவே இல்லை. பழைய தட்டுகள் புது கம்ப்யூட்டரில் ஓடவும் இல்லை. கடைசிக் கலங்கரையின் இரும்புக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் அபூர்வம்.

அந்த அபூர்வத்தில் அவன் ஒருவன். அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், அதைச் செய்த இரண்டு பேர் தலை நரைத்துத் திரும்பி வந்தார்கள். பழையதைப் புதுப்பித்துத் தருகிறோம், விளையாடப் போகிறவர்களே முன்பணம் போடுங்கள் என்றார்கள். அவன் ஊரெல்லாம் பேரம் பேசுகிறவன், அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்காமல் பணத்தைக் கட்டினான். (ரெண்டு பிரதியாக எடுத்தால் ஏதாவது குறைப்பீர்களா என்று ஒரே ஒரு கடிதம் போட்டான். பதில் இல்லை.) பணம் கட்டியவர்களில் நாற்பது பேர் கைபேசியில் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். ஒரு நர்ஸ், ஒரு பஸ் டிரைவர், கல்லூரியில் வேதியியல் சொல்லித்தரும் அம்மா, இன்னும் யார் யாரோ. முன்னோட்டமாக ஒரு படம் வந்தால் போதும், கலங்கரையின் செங்கல்லை எண்ணி, பழையதில் இருந்ததைவிட இரண்டு கூடியிருக்கிறது என்று சண்டை பிடிப்பார்கள். விளையாட்டில் பேசுகிற கிளிக்குப் பழைய குரலே வருமா என்று பஸ் டிரைவர் தினமும் காலையில் ஒரு முறை கேட்பார். யாருக்கும் தெரியாது என்று நர்ஸ் தினமும் பதில் போடுவாள். அந்தக் குழுவில் முடிவைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்: அவனும், அவன் தங்கை வீட்டுக்காரனான பல் டாக்டரும். எத்தனை பேர் கெஞ்சியும் இருவரும் வாயைத் திறக்கவில்லை. 'அனுபவிச்சாத்தான் தெரியும்' என்று எழுதிவிட்டு மௌனமாகிவிடுவார்கள். அந்த மௌனத்துக்கு அங்கே தனி மரியாதை.

சரக்கு தாமதமாகும்போதெல்லாம் தயாரிப்பாளர்களிடமிருந்து கடிதம் வரும். கிளம்பிவிட்டது, மெருகேற்றுகிறோம், உங்கள் பொறுமைக்கு நன்றி. அதே பாட்டை அவன் கட்டட மேஸ்திரிகளிடம் வருடக்கணக்காகப் பாடிவருகிறான். 'வண்டி ஏறிடுச்சுங்க' என்றால் வண்டியே இன்னும் வரவில்லை என்று பொருள். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒவ்வொரு கடிதத்தையும் ரசித்துப் படித்தான். நாலு முறை தள்ளிப்போனது. குழுவில் எல்லோரும் கொதித்தபோது, 'நல்லா வரணும்னா நேரம் எடுக்கத்தான் செய்யும், இன்னும் ரெண்டு வருஷம் ஆனாலும் பரவாயில்ல' என்று எழுதியவன் அவன் ஒருவன்தான். என்ன பொறுமை, என்ன பக்குவம் என்று வேதியியல் அம்மா புகழ்ந்தாள். அது பக்குவம் இல்லை, பயம். அவன் அந்தக் கதவைத் திறந்ததே இல்லை.

பதினான்கு வயதில் நடந்தது இதுதான். வகுப்புக்குப் புதிதாக ஒரு பையன் வந்து சேர்ந்தான், சோடாபுட்டிக் கண்ணாடியும் தானுமாக. அவனிடமும் அதே விளையாட்டு இருந்தது, அவனும் அதே கதவில் முட்டிக்கொண்டு நின்றான். "நீ முடிச்சிட்டியா?" என்று அவன் கேட்டான். "எப்பவோ" என்று இவன் சொல்லிவிட்டான். சொன்னதற்கு ஆதாரம் வேண்டாமா? கதவருகில் இருக்கும் கல் ஆந்தையின் வாயில் செப்புக்காசைப் போடு, மணியை மூன்று தரம் அடி, கதவு திறக்கும், உள்ளே கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார், நிமிர்ந்து பார்த்து 'ஏண்டா இவ்வளவு லேட்டு' என்பார். எல்லாம் அந்த நிமிடத்தில் வாயில் வந்தது. மறுநாள் அந்தப் பையன் ஓடிவந்து, "திறந்துருச்சுடா" என்றான். "நீ சொன்ன மாதிரியேதான். ஆனா மடியில பூனை இருந்துச்சே, அத நீ சொல்லவே இல்லையே. சாம்பல் கலர். ஒரு கால் மட்டும் வெள்ளை."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓடி ஆந்தையின் வாயில் காசைப் போட்டுப் போட்டு இவன் விரல் தேய்ந்தது. கதவு அசையவில்லை. தன் தட்டில்தான் கோளாறு என்று முடிவுகட்டினான். வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட, அது அப்படியே உண்மையாகிவிட்டது, பார்க்கிற பாக்கியம் மட்டும் இவனுக்குப் போய்விட்டது. 'நானும் பூனையைப் பார்த்தேன்' என்று அடுத்த நாள் சேர்த்துக்கொண்டான். அந்தப் பூனையில் தொடங்கிய சிநேகிதம், கண்ணாடிப் பையன் பல் டாக்டராகி, இவன் தங்கையைக் கட்டி, மாப்பிள்ளையாகி, இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. ஊரில் இவனுக்குச் சிநேகிதன் என்று இருப்பது அந்த ஒருவன்தான். குடும்பம் கூடுகிற நாளெல்லாம் இருவரும் கேப்டனைப் பற்றிப் பேசாமல் எழுந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆந்தை காலை வாரிவிட்டால், மாப்பிள்ளை மட்டும் கதவைத் திறந்தவன், வழி சொன்ன இவன் புளுகன் என்று ஆகிவிடும்.

அன்று சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தவனைப் பார்த்து மனைவி, "மூணு வருஷமா வரும் வரும்னீங்க. வருதுன்னதும் ஏன் உங்க மாமியார் வர்ற மாதிரி முழிக்கிறீங்க?" என்றாள். பதில் சொல்வதற்குள் பல் டாக்டரின் அழைப்பு வந்தது.

"வந்துருச்சு மச்சான்" என்றது அந்தக் குரல். நோயாளியிடம் 'வலிக்காது' என்று சொல்கிற அதே உற்சாகம்.

"வந்துருச்சு மாப்ள."

"சேர்ந்து பார்க்கணும்னு எனக்கும் ஆசைதான். என்னன்னா, ஞாயித்துக்கிழமை ஒரு அர்ஜென்ட் கேஸு. வேணும்னா அடுத்த மாசம் சாவகாசமா..."

"அதுக்கென்ன மாப்ள, தொழில் முக்கியம்" என்று இவன் பாய்ந்து பிடித்துக்கொண்டான். அப்போது போனில் டாக்டருக்குப் பின்னாலிருந்து தங்கையின் குரல் வந்தது. அவள் இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு கேட்டு வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறவள். நின்ற காரை மோதிய காராக்கும் மனிதர்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவள். "ஞாயித்துக்கிழமை என்னங்க கேஸு? க்ளினிக்கே லீவு. அண்ணா, பத்து மணிக்கு க்ளினிக்குக்கு வந்துரு. அங்கதான் பெரிய திரை இருக்கு. பசி வந்தா வீட்டுக்கு வாங்க, சமைச்சு வைக்கிறேன்."

ஞாயிறு காலை க்ளினிக்கில் மருந்து வாசனையும் அவர்கள் இரண்டு பேரும்தான். பல்லைப் பெரிதாக்கிக் காட்டுகிற திரையில் கடல் வந்தது, பழைய இசை வந்தது, பல் டாக்டர் மூக்கை உறிஞ்சினான். கிளி வாயைத் திறந்தது. பழைய குரலேதான். குழுவில் பஸ் டிரைவர் அழுகிற முகமாக இருபது அனுப்பியிருந்தார். குழாய்க்கடைக்காரன் நோயாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டான், டாக்டர் தன் உருளும் ஸ்டூலில். ஒரு மணி நேரத்துக்குப் பயமே மறந்துபோனது. கரண்டியால் கடிகாரத்தைத் திறப்பதையும், கயிற்றில் கரண்டியைக் கட்டித் தூண்டில் போடுவதையும் கை தன்னால் செய்தது. ஆனால் மூன்றாவது தீவு தாண்டியதும் இரண்டு பேருக்கும் கால் பின்னியது.

"இந்தப் பீப்பாயை இன்னொரு தரம் பார்த்துடலாமா மச்சான்?"

"பார்த்துடலாம். அந்தப் பக்கமும் ஒரு பீப்பா இருக்கு மாப்ள."

பீப்பாய்களை எல்லாம் பார்த்தார்கள். கிளியிடம் நான்கு தரம் பேசினார்கள். குழாய்க்கடைக்காரனுக்குத் தன் தயக்கத்துக்குக் காரணம் தெரியும், மாப்பிள்ளை ஏன் இழுக்கிறான் என்று ஒரு கணம் தோன்றியது. ரசித்துப் பார்க்கிறான், முடிந்துவிடுமே என்று வருத்தப்படுகிறான், பார்த்தவன் அல்லவா என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமலே நாலரை மணி ஆகிவிட்டது. மாலுமி லாந்தரோடு இரும்புக் கதவின் முன்னால் போய் நின்றான். கல் ஆந்தை பழையபடியே வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"நீ பண்ணு மச்சான். வழி கண்டுபிடிச்சது நீதானே."

"உன் க்ளினிக், உன் திரை. நீ பண்றதுதான் முறை."

ஹோட்டலில் பில் வரும்போது ஆளுக்கு ஆள் பிடுங்குவார்களே, அதைத் தலைகீழாகத் திருப்பியதுபோல மௌஸ் அங்கும் இங்கும் போய்வந்தது. அப்போதுதான் தங்கை சாப்பாட்டுப் பாத்திரங்களோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "ரெண்டு பேரும் உயிரோடதான் இருக்கீங்களா?" என்று கேட்டு, திரையைப் பார்த்து, "ஓ, கதவு" என்றாள். பாத்திரத்தைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். இனித் தப்பிக்க வழியில்லை. பல் டாக்டர் காசை ஆந்தை வாயில் போட்டான். மணியை அடித்தான். ஒன்று. இரண்டு. மூன்று.

கதவு கதவாகவே இருந்தது.

ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தையைக் குழாய்க்கடைக்காரன் எடுத்துவிட்டான். "புதுசுல மாத்திட்டாங்க போல."

பல் டாக்டரும் அதே மூச்சில், அதே குரலில் சொன்னான். "புதுசுல மாத்திட்டாங்க போல."

இருவரும் மெல்லத் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கை கழுவும் தொட்டியில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. குழாய்க்கடைக்காரன் கடையில் வாங்கிய குழாய், சொட்டவே சொட்டாது என்று அவன் அடித்துச் சொல்லி விற்றது.

"மாப்ள" என்றான், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து. "நான் கதவைத் திறந்ததில்ல. ஆந்தை, மணி, டீ, எல்லாம் நான் விட்டதுதான். நீ புது ஆளு, உன்கிட்ட போய் தெரியாதுன்னு சொல்ல வாய் வரல."

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி மாட்டினான். "நீ திறந்ததில்லையா?"

"இல்ல."

"அடப்பாவி. ராத்திரியெல்லாம் மணியடிச்சேன், அப்பா வந்து ஒயரைப் புடுங்கற வரைக்கும். கிளாஸ்ல என்கிட்ட பேசினது நீ ஒருத்தன்தான். திறக்கலன்னா நாளைக்குப் பேசுவியோ மாட்டியோன்னு..."

"அப்போ பூனை?"

"பூனை நான் வச்சது."

"நான் அந்தப் பூனையை நம்பித்தானடா என் தங்கச்சியையே குடுத்தேன்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. குழாய்க்கடைக்காரன் நாற்காலியின் பித்தானை அழுத்திவிட்டான். நாற்காலி அவனைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. மேலிருந்து சிரித்தான். டாக்டர் ஸ்டூலோடு உருண்டுபோய் அலமாரியில் இடித்து அங்கிருந்து சிரித்தான். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. பாத்திரங்களை எக்ஸ்ரே மேசையில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு கால் மட்டும் வெள்ளைன்னு வரைக்கும் சொன்னா அது பொய்யின்னு என் ஆபீஸ்ல பியூனுக்குக்கூடத் தெரியும்" என்றாள். "அதுவும் தீபாவளி பொங்கல் மாதிரி வருஷா வருஷம் அதையே சொல்லிக்கிட்டு. எப்பத்தான் ஒத்துக்குவீங்கன்னு நானும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"விளக்கைக் கீழ வைங்க."

"என்னது?"

"அந்தாளு கையில விளக்கு. கதவு இரும்பு. ரெண்டு கையும் போட்டாத்தானே திறக்கும். கீழ வைக்கச் சொல்லுங்க."

இருவரும் திரையின் அடியைப் பார்த்தார்கள். ஒன்பது கட்டளைகள். கடைசியில் இருந்த 'வை'யை குழாய்க்கடைக்காரன் தன் ஆயுளில் தொட்டதாக ஞாபகம் இல்லை. எடுப்பதுதானே அந்த விளையாட்டே. கிடைத்ததை எல்லாம் பைக்குள் போட்டுக்கொண்டவனுக்கு ஒன்றைக் கீழே வைக்கலாம் என்று எப்படித் தோன்றும்? "வச்சா இருட்டாயிடுமே" என்றான் பல் டாக்டர், சின்னப் பிள்ளைக் குரலில்.

"நீ இத ஆடியிருக்கியா?" என்று அண்ணன் மேலே இருந்து கேட்டான்.

"செவ்வாய், வியாழன் நீ டியூஷன் போவே. கம்ப்யூட்டர் சும்மாதானே கிடந்துச்சு."

"முடிச்சியா?"

அவள் ஒரு பாத்திரத்தின் மூடியைத் திறந்து, ஆறிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். "என்னை யாரு கேட்டீங்க?" என்றாள். "வைங்க முதல்ல."

பல் டாக்டர் மௌஸைப் பிடித்தான். பித்தானைத் தேடி அழுத்தி நாற்காலியோடு இறங்கிவந்த குழாய்க்கடைக்காரன், அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தான். அழுத்தினார்கள். மாலுமி குனிந்தான், லாந்தரைப் பார்த்து ஒரு கணம் யோசிப்பதுபோல நின்றான், பிறகு அதைத் தரையில் வைத்தான். சுடர் சுருங்கி அணைந்தது. திரை முழுக்கக் கறுப்பானது. க்ளினிக்கும் இருட்டியதுபோல இருந்தது.

கறுப்பின் அடியில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. கையில் விளக்கு இருந்தவரை கண்ணுக்குப் படாத வெளிச்சம், கதவின் அடி இடுக்கிலிருந்து. உள்ளே எங்கோ ஒரு கரண்டி கோப்பையில் தட்டிய சத்தம் கேட்டது. இரண்டு பேரும் முன்னால் குனிந்தார்கள். கோட்டின் குறுக்கே, தரையை ஒட்டி, தாழ்வாக ஒரு நாலு கால் நிழல் நடந்துவந்து சரியாக நடுவில் நின்றது.