ரம்யாவின் ஓ.டி.

வரலாற்றுத் துறைத் தலைவர் ராஜதுரைக்குக் கோபமே வராது. கல்விமானுக்கு அது அழகில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அடுத்தவர்களுக்கு வரவழைப்பதோடு நிறுத்திக்கொள்வார்.

மூன்று வாரமாக அவர் வரவழைத்துக்கொண்டிருந்தது எமில்டாவுக்கு. தூத்துக்குடியில் அந்தக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் அவள். அவளும் முனைவர் பட்டம் வாங்கியவள்தான். ஆனால் அங்கே எல்லாருக்கும் அவள் பி.டி. மேடம். விழாவுக்கு நாற்காலி போடவும், அமைச்சர் வந்தால் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தவும் மட்டும் நினைவுக்கு வருகிறவள்.

விவகாரம் இதுதான். மூன்றாமாண்டு வரலாறு படிக்கும் ரம்யா, தருவைகுளத்துப் பிள்ளை, கோவையில் நடந்த பல்கலைக்கழகப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடி வெள்ளி வாங்கி வந்திருந்தாள். போய்வந்த ஐந்து நாளுக்கும் ஓ.டி. போட வேண்டும், அதாவது, கல்லூரி வேலையாகத்தான் போனாள் என்று எழுதி, அந்த நாள்களை வருகையில் சேர்க்க வேண்டும். தேர்வெழுத அறுபத்தெட்டு நாள் வேண்டும். ரம்யாவிடம் இருந்தது அறுபத்தாறு. படிவத்தில் ராஜதுரை கையெழுத்துப் போடாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. அன்று மாலை நான்கு மணியோடு அலுவலகத்தில் பட்டியலை முடித்துவிடுவார்கள்.

படிவம் அவர் மேசையில் பேப்பர் வெயிட்டுக்குக் கீழே கிடந்தது. எமில்டா கேட்கும்போதெல்லாம், ஓடியாடி விளையாடியதை வகுப்பில் அமர்ந்து கற்றதாக எப்படிக் கருதுவது என்று புன்னகையோடு கேட்பார்.

மூன்று மணிக்கு நான்காவது முறையாகப் போனாள். ரம்யாவை வாசலில் நிற்கச் சொன்னாள். ராஜதுரை எழுந்து வரவேற்று நாற்காலியை இழுத்துப் போட்டார். எமில்டாவுக்கு அப்போதே சந்தேகம். துறையின் கௌரவ விரிவுரையாளர் செந்தூர்வேலை டீ வாங்க அனுப்பினார். செந்தூர்வேலின் கௌரவம் பதவியின் பெயரோடு சரி.

டீ வருவதற்குள் காரணம் தெரிந்துவிட்டது. போன மாதம் அவர் ‘விளையாட்டும் விழுமியமும்’ என்று இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கு நடத்தியிருந்தார். இரண்டு துறைகள் சேர்ந்து நடத்தியதாகக் காட்டினால் தர மதிப்பீட்டுக் குழுவிடம் மதிப்பெண் கூடும். அறிக்கையில் இணை ஒருங்கிணைப்பாளர் கையெழுத்து வேண்டும். அந்த இணை ஒருங்கிணைப்பாளர் தான்தான் என்பது எமில்டாவுக்கு அந்த நிமிடத்தில்தான் தெரியும்.

அறிக்கையைப் புரட்டினாள். நிகழ்ச்சி நிரலின் கடைசியில், நன்றியுரை: முனைவர் எமில்டா. அந்தக் கல்லூரித் தாளில் அவள் முனைவரானது அதுதான் முதல் தடவை. தேதியைப் பார்த்தாள். அந்த இரண்டு நாளும் கோவை மைதானத்தில் ஸ்டாப் வாட்ச்சும் கையுமாக நின்றிருந்தாள்.

பங்கேற்றவர்கள் பட்டியலில் நூற்றைம்பது பெயர். நாற்பத்து மூன்றாவது, ரம்யா. பக்கத்தில் கையெழுத்து.

“இது யாரு போட்டது?”

டீயோடு வந்த செந்தூர்வேல் தரையைப் பார்த்தான். அரங்கில் இருந்தது முப்பது பேர். அதில் மைக் செட்காரரும் சேர்த்தி. மிச்சத்தை வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஐந்து பேனாவால் அவன்தான் எழுதியிருந்தான். கோவைக்குப் போயிருந்த பிள்ளையின் பெயர் நடுவில் வருகிறது என்று கவனிக்க அவனுக்கு நேரமில்லை. எழுதச் சொன்னவருக்கு அக்கறையில்லை.

ராஜதுரையிடம் சிறு பதற்றமும் இல்லை. “அப்படியானால் சிக்கல் தீர்ந்ததே. கருத்தரங்கில் பங்கேற்ற இரண்டு நாளையும் ரம்யாவின் வருகையில் சேர்த்துவிடுகிறேன். கணக்காக அறுபத்தெட்டு. நீங்கள் இங்கே ஒப்பமிடுங்கள், அம்மா.”

வாசலில் ரம்யாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஹால் டிக்கெட் கிடைத்தால் போதும் மேடம் என்றாள். எமில்டாவுக்கு அவர்மேல் இருந்த கோபத்தைவிட அந்தப் ‘போதும்’மேல் கோபம் வந்தது.

“ஏளா, நீ நாளைக்கு போலீஸ் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டால எழுதிப் போடுவ. சர்டிபிகேட்ட சரிபாக்க ஆளு வருவான். அன்னைக்கு நீ இங்கன ஹால்ல உக்காந்திருந்தேன்னு இவரு ரெஜிஸ்டர் சொல்லும். அப்ப கோவைல ஓடுனது யாரு, ஒன் தங்கச்சியா?”

எமில்டா ராஜதுரையின் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டாம் நாளு காலைல பத்து மணிக்கு இவ ஓடுனா சார். நாலு நிமிசம் நாப்பது செகண்டு. அந்நேரம் ஒங்க ஹால்ல இவ என்னத்தக் கேட்டுக்கிட்டு இருந்தா?”

கேள்வியை உண்மையான கேள்வி என்று நினைத்து அவர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். ‘பண்டைய மக்களின் ஓட்டத் திறன்’ என்ற அமர்வு. அவரே தலைமை. படித்துவிட்டு மூடிவைத்தார்.

அதன்பிறகும் அறிவுப்புலம், ஆய்வு நெறி என்று நீளமாகத்தான் ஆரம்பித்தார். எமில்டா அறிக்கையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

“முதல்வர்ட்ட போறேன் சார். என்னையும் இவளையும் கோவைக்கு அனுப்பி அவரு போட்ட ஆர்டரு பைலோட இருக்கு. ஒங்க பட்டியலையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுதேன்.”

பேப்பர் வெயிட் நகர்ந்தது. மூன்று வாரமாக வெளியே வராத பேனா சட்டைப்பையிலேயே இருந்தது. ஐந்து நாளுக்கும் ஓ.டி. கையெழுத்தானது. பிறகு, பேரம் முடிந்த தோரணையில், அறிக்கையை அவளிடமிருந்து கேட்டு வாங்கி, அவளுடைய கையெழுத்துக்கான பக்கத்தை விரித்துக் காட்டினார்.

எமில்டா உட்காரவில்லை. நின்றபடியே எழுதினாள்: ‘மேற்கண்ட இரு நாளும் நான் கோவையில் பணியிலிருந்தேன். இக்கருத்தரங்கில் பங்கேற்கவில்லை. நன்றி கூறவுமில்லை.’ கீழே கையெழுத்து, தேதி.

ராஜதுரை அதை வாசித்துவிட்டு செந்தூர்வேலிடம் ஒயிட்னர் கேட்டார். பட்டியல் எழுதியதிலேயே தீர்ந்துவிட்டது என்றான் அவன்.

நான்கு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் அலுவலகத்தில் படிவம் ஏறியது. ரம்யாவுக்கு எழுபத்தொரு நாள். அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். நன்றி சொல்லத்தான் என்று தெரிந்து, போய்ப் படி என்று எமில்டா விரட்டினாள்.

இரண்டு நாள் கழித்து மைதானத்துக்கே மெமோ வந்தது. அறிக்கையில் அவள் எழுதியிருந்ததையே காட்டி, தேசியக் கருத்தரங்கின் இணை ஒருங்கிணைப்பாளராக இருந்தும் முன் அனுமதியின்றி வராமலிருந்ததற்கு முதல்வர் விளக்கம் கேட்டிருந்தார். பதிலுக்கு மூன்று நாள் அவகாசம். எமில்டா அரை மணி நேரத்தில் எழுதினாள். கோவைக்குப் போகச் சொல்லி அதே முதல்வர் போட்ட உத்தரவைப் பின்னால் குத்தினாள். இரண்டு நகல் எடுத்தாள். ஒன்று முதல்வருக்குப் போயிற்று. மற்றதை வரலாற்றுத் துறை அறிவிப்புப் பலகையில், பிள்ளைகள் ஹால் டிக்கெட் பட்டியலைப் பார்க்கும் இடத்தில், நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி மாட்டினாள்.