பொன்னேரிக்கு வராத நாட்கள்

1955ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் பதினைந்தாம் தேதி, வியாழக்கிழமை, பொன்னேரிக்கு வரவில்லை. மீஞ்சூருக்கு வந்தது, கும்மிடிப்பூண்டிக்கு வந்தது, திருவள்ளூரில் கோர்ட்டு வழக்கம்போல் நடந்தது. பொன்னேரியில் மட்டும் புதன்கிழமை படுத்தவர்கள் வெள்ளிக்கிழமை எழுந்தார்கள். உறியில் வைத்த பால் திரிந்திருந்தது. மாடுகள் மடி கனத்துக் கத்தின. பத்திரிகை ஏஜெண்டின் வாசலில் இரண்டு நாள் கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. புது மீன் மார்க்கெட்டின் முன்னால் போட்டிருந்த பந்தலில் வாழைமரங்கள் தலை தொங்கி நின்றன. அந்த வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத்தான் திருவள்ளூரிலிருந்து மேலதிகாரி வந்து மார்க்கெட்டைத் திறப்பதாக இருந்தது.

விழாவுக்குத் தேதி குறித்தவர் அமானுல்லா. ஸ்டேஷன் ரோட்டில் இரும்புக் கடை வைத்திருந்தார். ஒன்பது வருஷமாக வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் சங்கச் செய்தி என்று ஒரு தாளை அச்சடித்துக் கடைகளுக்குக் கொடுத்துவருவார். யார் புதிதாகக் கடை திறந்தார்கள், ஆர்.கே.பேட்டையிலிருந்து மிளகாய் என்ன விலைக்கு வந்தது, அடுத்து என்ன நிகழ்ச்சி என்பதெல்லாம் அதில் இருக்கும். பன்னிரண்டு சிமெண்டு மேடைகளும் ஓட்டுக் கூரையும் வைத்த அந்த மார்க்கெட்டுக்காக அவர் நாலு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். செருப்புகள் தேய்ந்தன, தலை நரைத்தது, கடைசியில் கட்டடம் எழும்பியது. அந்தத் திறப்பு நாள் வராமல் போனதை முதலில் அவர் நம்பவில்லை. யாரோ காலண்டரில் இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்துவிட்டார்கள் என்று சொல்லி, வீட்டில் தன் மனைவி பத்ருன்னிசாவிடம் கோபித்துக்கொண்டார்.

நடந்ததைச் சொன்னவள் பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் செல்லியம்மாள். அவள் வெளியூர்க்காரி, அதனால் அந்த நாள் அவளுக்கு வந்திருந்தது. முதல் பஸ்ஸில் தன் தங்கை அஞ்சம்மாளோடு வந்து இறங்கினால், தெருவெல்லாம் கதவு சாத்திக் கிடந்திருக்கிறது.

"நேத்து வந்தேன் பாய். ஊரே தூங்கிக்கினு கீது. நாய் கூட எய்ந்திருக்கல. மேலதிகாரி ஜீப்ல வந்தாரு, பந்தல்ல ஒரு மணி நேரம் குந்தினு இருந்தாரு, போய்ட்டாரு. என் மீனு பூரா நாறிப் போச்சு, அந்தத் துட்டை யாரு குடுப்பாங்க?" என்றாள்.

அமானுல்லா உடனே சங்கத் தலைவர் பரசுராமனிடம் போனார். பரசுராமன் ஜவுளிக்கடைக்காரர், மார்க்கெட்டின் திறப்புக் கல்லில் தன் பெயர் வருவதற்காகவே தலைவர் பதவியில் இருந்தவர். இருவரும் சேர்ந்து மேலதிகாரிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். காரணம் என்ன எழுதுவது என்று புரியாமல், தவிர்க்க முடியாத காரணம் என்று எழுதினார்கள். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை என்று புதிதாக அழைப்பிதழ் அடித்தார்கள். அந்தப் புதன்கிழமையும் வரவில்லை.

இதற்குள் ஊருக்கு ஒன்று விளங்கிவிட்டது. கல்யாணத்துக்கு அச்சடித்த நாள் வந்தது, கோயில் திருவிழா நாள் வந்தது, தர்காவில் கந்தூரி நாளும் குறையில்லாமல் வந்தது. சங்கம் அச்சடித்த நாள்தான் வரவில்லை. அது ஏன் என்று யாருக்கும் தெரியாது, கொஞ்ச நாளில் கேட்பதையும் விட்டுவிட்டார்கள். மார்க்கெட் திறந்ததும் சாலையோரத்தில் மீன் விற்கக் கூடாது என்று சங்கமே விண்ணப்பம் போட்டு, செப்டம்பர் பதினாறு முதல் தடை உத்தரவு வாங்கி வைத்திருந்தது. திறப்பு விழா வரவில்லை, தடை வந்துவிட்டது. மீன்காரப் பெண்கள் ரோட்டில் உட்கார முடியாது; பூட்டி அரக்கு முத்திரை வைத்த மார்க்கெட்டுக்குள்ளும் போக முடியாது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக அலைந்தார்கள். அஞ்சம்மாளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

அமானுல்லா அந்தப் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் கடைக்குள் போய் ஆணிகளை அளவுவாரியாகப் பிரித்தார். பிரித்ததையே மறுபடி கலந்துவிட்டுப் பிரித்தார். பிறகு ஒரு யோசனை வந்தது. நாள் வராதது ஊருக்குத்தான், ஆளுக்கு அல்ல. மூன்றாவது அழைப்பிதழில் நவம்பர் ஏழு, திங்கட்கிழமை என்று அடித்தார். முந்தின நாளே திருவள்ளூருக்குப் போய் ஒரு லாட்ஜில் தங்கினார். திங்கட்கிழமை அவருக்கு வந்தது. மேலதிகாரியைக் கையோடு அழைத்துக்கொண்டு ஜீப்பில் பொன்னேரிக்கு வந்தார்.

ஊர் கிடந்த கிடையை அன்றுதான் அவர் கண்ணால் பார்த்தார். கடைப் பலகைகள் சாத்தியபடி இருந்தன. பந்தல்காரர் நாற்காலிகளுக்கு நடுவே கால் நீட்டித் தூங்கினார். பரசுராமன் வீட்டுக் கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்தது. ஸ்டேஷனில் மட்டும் ரயில் வந்தது, போனது. ரயில்வேக்கு வேறு நேரம் என்று அமானுல்லா நினைத்துக்கொண்டார். தன் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். பத்ருன்னிசா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மூச்சு சீராக வந்தது. தோளைப் பிடித்து உலுக்கினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கண் திறக்கவில்லை. அவர் கட்டிலின் கீழே உட்கார்ந்து, நாலு வருஷமாக அழாத அழுகையை அழுதார்.

பூட்டைத் திறந்துவிடலாம், நாடாவை வெட்டிவிடலாம் என்று திரும்பி வந்து மேலதிகாரியைக் கெஞ்சினார். கூட்டம் இல்லாமல் விழா நடத்த விதியில்லை என்று அவர் சொல்லிவிட்டார். ஜீப்பில் ஏறும்போது, "உங்கள் ஊரில் ஒருவருக்கும் அக்கறை இல்லை, மிஸ்டர் அமானுல்லா" என்றார்.

அதன்பின் அமானுல்லா தேதியே இல்லாமல் ஓர் அழைப்பிதழ் அடித்து அனுப்பினார். தேதி குறிப்பிடப்படவில்லை என்று சிவப்பு மையில் எழுதி அது திரும்பி வந்தது. அச்சடிக்காமல் வாயால் அழைக்கலாமா என்று கேட்டு எழுதினார். அச்சடித்த அழைப்பிதழ் பதினைந்து நாள் முன்னதாக வர வேண்டும் என்று பதில் வந்தது. அச்சடித்தால் நாள் வராது, அச்சடிக்காவிட்டால் அதிகாரி வரமாட்டார். சங்கக் கூட்டத்தில் பரசுராமன், பாயின் கையெழுத்தில்தான் ஏதோ கோளாறு, வேறு ஆள் எழுதட்டும் என்றார். அமானுல்லா பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் பரசுராமனே அந்தப் பேனாவைக் கொண்டுவந்து கடையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நவம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மதியம் மூன்று மணி இருக்கும், செல்லியம்மாள் சொட்டச் சொட்ட நனைந்தபடி இரும்புக் கடைக்குள் வந்தாள். அஞ்சம்மாளுக்கு மார்க்கெட் வாசலில் வலி எடுத்துவிட்டது, ரோட்டில் முழங்கால் தண்ணீர், பஸ் இல்லை, வண்டி இல்லை.

"சாவி உங்ககிட்ட தானே கீது, பாய்?" என்றாள்.

சாவி இருந்தது. பூட்டின்மேல் சர்க்கார் அரக்கு இருக்கிறது, அதை உடைத்தால் தன்மேல் கேஸ் வரும், பக்கத்து மண்டிக்குத் தூக்கிப் போகலாமே என்று அமானுல்லா தயங்கித் தயங்கிச் சொன்னார். செல்லியம்மாள் சத்தம் போடவில்லை. முகத்து நீரை வழித்து எறிந்துவிட்டு, "நீங்க தேதி பாத்துக்கினு இருங்க. அந்தக் கொயந்த பாக்காது" என்றாள்.

அமானுல்லா கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சுத்தியலை எடுத்தார். மழையில் ஓடினார். சாவியைக்கூடத் தேடாமல் ஒரே அடியில் பூட்டை முத்திரையோடு உடைத்தார். இரும்புக் கதவு முதல் தடவையாகத் திறந்தது. பெண்கள் அஞ்சம்மாளை மூன்றாம் மேடையில் படுக்கவைத்துச் சுற்றிலும் சேலை பிடித்தார்கள். பத்ருன்னிசா குடைகூடப் பிடிக்காமல் வெந்நீர்த் தவலையும் பழைய துணிகளும் கொண்டுவந்தாள். விளக்கு வைக்கும் முன்னே பெண் குழந்தை பிறந்தது. அழுகை ஓட்டுக் கூரையில் மோதி நன்றாகக் கேட்டது. அமானுல்லா வாசலில் நின்று கேட்டார். அன்றைய நாள் பொன்னேரிக்கு வந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மழை மூன்று நாள் விடவில்லை. பெண்கள் உள்ளேயே தங்கினார்கள். இருந்த மீனை மேடையில் பரப்பினார்கள். ஊரார் குடை பிடித்து வந்து வாங்கினார்கள். நாலாம் நாள் வெயில் வந்தபோது பன்னிரண்டு மேடையிலும் ஆள் இருந்தது. மார்க்கெட்டை யாரும் திறக்கவில்லை, அது திறந்திருந்தது.

பரசுராமன் இரண்டு வாரம் மார்க்கெட் பக்கமே வரவில்லை. பிறகு அவரே கல் செதுக்குபவரை அழைத்துவந்தார். தலைவர் பெயர், செயலாளர் பெயர் எல்லாம் செதுக்கியாயிற்று. திறந்த தேதி என்ன என்று கேட்டபோது அமானுல்லா சொல்ல மறுத்தார்.

"தேதி இல்லாத கல்லு இன்னாத்துக்கு, பாய்? நாலு பேரு சிரிக்க மாட்டான்?" என்றார் பரசுராமன்.

"சிரிக்கட்டும் அண்ணே. சங்கம் எயுதுன நாளு எதுனா நின்னுகீதா? இதையும் எயுதி, அந்த நாளு போச்சுன்னா, அதுல பொறந்த புள்ள இன்னா ஆவும்?"

பரசுராமன் உள்ளே திரும்பிப் பார்த்தார். மூன்றாம் மேடைக்குப் பக்கத்தில் தூளி ஆடிக்கொண்டிருந்தது. தேதிக்கான இடத்தை அப்படியே விட்டுவிடு என்று கல் செதுக்குபவரிடம் சொன்னார். சுவரில் கல்லைப் பதித்தார்கள், தேதி இருக்க வேண்டிய இடம் வழவழவென்று காலியாக இருந்தது. முத்திரையை உடைத்ததற்கு விளக்கமும் திறந்த தேதியும் கேட்டு ஆபீஸிலிருந்து ஐந்து கடிதங்கள் வந்தன. அமானுல்லா ஐந்துக்கும் 'திறந்தாயிற்று' என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதினார். பத்ருன்னிசா தபால்தலை ஒட்டினாள்.

1958இல் வேறொரு மேலதிகாரி, கோப்பை முடிப்பதற்காக நேரில் வந்தார். கல்லின் முன்னால் நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். காலி இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் 'மடவை கூறு எட்டணா' என்று எழுதியிருந்தது. நயா பைசா வந்து ஒரு வருஷமாகியும் பெண்கள் அணாவிலேயே எழுதினார்கள். அவர் அதை அப்படியே குறிப்பேட்டில் திறந்த தேதிக்கு நேரே எழுதிக்கொண்டார். செல்லியம்மாளிடம் இரண்டு கூறு மடவை மீன் வாங்கினார். அஞ்சம்மாளின் மகள் கனகாம்பாள் தாமரை இலையை எடுத்து நீட்ட, மீனைச் சுற்றிக்கொண்டு பன்னிரண்டு மணி ரயிலுக்குப் போனார்.