கை தொடாத ஸ்னேர்

"ஒரு அடிக்கு ரெண்டு சத்தம் வருது, அதத்தான் சொல்றேன்..."

"நான் அடிச்சதே ஒண்ணுதாண்ணே, நீங்க..."

"நாளைக்குத் திருவிழாப் பூசை ரெஜினா! ஆயர் வர்றாரு!"

"யாரு வந்தாலும் நான் அடிச்சது ஒண்ணுதான்."

இன்னாசிமுத்து நெய்வேலியில் முப்பது வருடம் சுரங்க ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். மாதா கோவில் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர். ரெஜினா மந்தாரக்குப்பத்திலிருந்து வருபவள். சுரங்கக் கேன்டீனில் கான்ட்ராக்ட் வேலை. நான்கு வருடமாகக் குழுவின் எலெக்ட்ரானிக் டிரம்ஸ் அவள் கையில்தான் இருந்தது.

"நாளைக்கு வாசிக்கக் கடலூர்லேருந்து ஒருத்தர வரச் சொல்லியிருக்கேன். இதுக்கெல்லாம் ஆம்பளைக் கை வேணும்மா."

கீபோர்டில் இருந்த ஆனந்த்ராஜ், "அப்ப நீங்களே ஒரு அடி போட்டுக் காட்டுங்கண்ணே" என்றான்.

"நீ சும்மா இருடா."

ரெஜினா குச்சிகளை ஆனந்த்ராஜிடம் நீட்டிவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"என் கை எங்க இருக்கு?"

"என்னா விளையாட்டு இது?"

"சொல்லுங்கண்ணே."

"மேல இருக்கு."

வலது காலால் கிக் பெடலை மட்டும் மிதித்தாள். 'தும்' என்றது. கூடவே, குச்சியால் அடிக்க வேண்டிய ஸ்னேர்த் தட்டும் யாரும் தொடாமலே 'டக்' என்றது.

"பேய் பூந்துடுச்சா?" என்றான் ஆனந்த்ராஜ்.

"பேயுமில்ல பிசாசுமில்ல. எல்லாத் தட்டும் ஒரே கம்பிச் சட்டத்துல மாட்டிகினு இருக்கு. நான் மிதிக்கிற அதிர்வு கம்பி வழியா ஸ்னேருக்குப் போவுது. போன மாசம் வரைக்கும் அது கண்டுக்கல. இப்ப மட்டும் ஏன்?"

தட்டுகளுக்குச் சத்தம் கொடுக்கும் பெட்டியின் பொத்தான்களை அழுத்திப் பார்த்தாள்.

"சென்சிட்டிவிட்டி முப்பத்திரண்டு! இதுக்கு மேல நம்பரே கெடையாது. யாரு ஏத்துனது?"

இன்னாசிமுத்து தொண்டையைச் செருமினார். "நீ மெதுவா அடிச்சா கேக்கவே இல்ல. அதான் ஏத்துனேன்."

"ஏன் கேக்கல?" ஸ்னேரின் வளையத்தைத் தளர்த்தினாள். அடியில் பளபளவென்று பாலிதீன். "மெத்தை சுத்தி வந்த கவரா இது?"

"கரண்டு பிளான்ட்டு சாம்பல் வந்து படியுதும்மா. காலைல தொடச்சா மத்தியானம் கறுத்துப்போவுது. அதான் நாலு மடிப்பா இழுத்து சொருவி வச்சேன்."

"நாலு மடிப்பு! போர்வையப் போத்திகினு தூங்குறவன் காதுல ரகசியம் சொன்னா கேக்குமா? அதுக்காகக் காத மட்டும் பெருசாக்கி வுட்டீங்க. அடுத்த வூட்டுப் பேச்செல்லாம் கேட்டுகினு கெடக்குது."

"பிரிக்காத, பிரிக்காத!"

பர்ரென்று கிழித்தாள். "வாசிச்சு முடிச்சப்புறம் துணி போட்டு மூடுங்க." சென்சிட்டிவிட்டியைப் பதினாறுக்கு இறக்கினாள். இன்னொரு எண்ணைக் கொஞ்சம் ஏற்றினாள். "இது, சின்ன அதிர்வக் கண்டுக்காதேன்னு சொல்ற நம்பர்."

கிக்கை மிதித்தாள். 'தும்' மட்டும். இன்னாசிமுத்து நம்பாமல் குனிந்து பெடலைக் கையால் நான்கு முறை அழுத்திப் பார்த்தார். ஸ்னேர் வாய் திறக்கவில்லை. ரெஜினா குச்சியை வாங்கி, நுனியால் மெல்லத் தட்டினாள். ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்டது.

"சரிம்மா, மெஷின் சரியாயிடுச்சு. ஆனா கடலூர்க்காரருக்கு வாக்குக் குடுத்துட்டேனே. நாளைக்கு ஒரு நாள் மட்டும்..."

ரெஜினா ஸ்டூலை முன்னால் இழுத்து நன்றாக அமர்ந்தாள்.

"வரட்டும்ணே. கைல ஒரு டாம்பரின் குடுங்க. நான் வாசிக்கிறப்ப பக்கத்துல நின்னு தட்டட்டும்."