இரட்டை மணியும் நந்திக்கடல் கொக்குகளும்

நந்திக்கடல் களப்பில் மேய்கிற கொக்கு அத்தனையும் கொண்டக்டர் சிவராசாவின் மணிக்குக் கீழ்ப்படியும். ஒருதரம் அடித்தால் ஆடாமல் அசையாமல் நிற்கும். இரண்டுதரம் அடித்தால் ஒன்று மிச்சமில்லாமல் கிளம்பும். ஆயிரமல்ல, பத்தாயிரம் கொக்கு! அதில் நாலைந்து டிக்கெட்டும் கேட்கும்.

தண்ணீரூற்றில் ஜெமீலின் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு சிவராசா இதைச் சொன்னபோது, ஜெமீல் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அல்லாவே! போன மாசம், மாங்குளத்திலை யானை கைகாட்டி பஸ்ஸை மறிச்சது எண்டாய். இப்ப கொக்கு டிக்கெட் கேக்குதோ?”

“யானை தும்பிக்கையாலைதான் மறிச்சது, நானா. கை எண்டு நான் எப்ப சொன்னனான்?”

முல்லைத்தீவு–வவுனியா பஸ்ஸை ஜெமீல் ஓட்ட, நிற்க ஒன்று, எடுக்க இரண்டு என்று பன்னிரண்டு வருடம் மணியடித்தவர் சிவராசா. இருவரும் ஓய்வுபெற்ற அடுத்த வருடம் சீனி வருத்தம் ஜெமீலின் வலது காலைத் தொடையோடு எடுத்துக்கொண்டு போனது. ஒருநாள் கிளினிக்குக்குப் போக நாலு பேர் அவரை அரிசிமூட்டைபோலத் தூக்கி வான் வண்டியில் ஏற்றினார்கள். அன்றைக்குப் பிறகு அவருடைய சக்கர நாற்காலி கேற்றைத் தாண்டவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை மகள் நஸ்மியா அவரைப் புத்தளத்துக்கு ஒரேயடியாகக் கூட்டிக்கொண்டு போகப்போகிறாள்.

சிவராசாவுக்கு இது தலையில் இடி. மனிசி செத்துப்போன பிறகு அவருடைய பொய்யைப் பொய்யென்று சொல்ல உலகத்தில் மிச்சமிருந்தது இந்த ஒரு வாய்தான்.

ஒருவரையும் தூக்கத் தேவையில்லாத வள்ளம் ஒன்றைச் சிவராசா செய்வித்திருந்தார். இரண்டு பைபர் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி மேலே பலகைத் தட்டு, பின்னால் ஓர் எஞ்சின். கரையில் இறக்கினால் சக்கரம் தானே உருண்டேறச் சரிவுப் பலகை. கழித்துப்போட்ட பஸ்ஸிலிருந்து கேட்டு வாங்கிய கயிற்று மணி. “நடக்கிறவை, உருளுறவை, கண் தெரியாதவை, எல்லாரும் ஏறலாம்” என்று போர்டும் எழுதி வைத்தார். முதல் மாதம் கிளிநொச்சியிலிருந்து மாற்றுத்திறனாளி இல்லம் ஒன்றின் பிள்ளைகள் பத்தொன்பது பேர் வந்து போனார்கள். அதோடு சரி. தூக்கி ஏற்றுவார்களோ என்ற வெட்கம் எல்லோருக்கும் இருந்தது. ஆனாலும் நாள்தவறாமல் நாலு மணிக்கு இரட்டை மணி அடிக்கும். வெறும் பலகையைப் பார்த்து, “முன்னுக்குப் போங்கோ, உள்ளுக்கு இடமிருக்கு” என்பார் சிவராசா. பலகை வழிவிடும்.

ஜெமீலிடம் மட்டும், சனம் புட்போட்டில் தொங்குவதாகச் சொல்லி வைத்திருந்தார்.

“ஒருக்கா வாங்கோ நானா. போறதுக்கு முன்னம்.”

“நான் ஒருநாளும் பின்சீற்றிலை இருந்து போனவனில்லை.”

“பின்சீற்றிலை ஆர் இருக்கச் சொன்னது? கொக்கு எழும்பாட்டில் இனி என்ர சீவியத்திலை நான் ஒரு பொய்யும் சொல்லமாட்டன்.”

உள்ளேயிருந்து ஜெமீலின் மனைவி லதீபா குரல் கொடுத்தா: “அப்ப சிவராசா அண்ணன் ஊமையாப் போயிருவாரே! போயிற்று வாங்க நீங்க, நானும் கரைக்கு வாறன்.”

புதன்கிழமை சிவராசா நாற்காலியை ரோட்டு வழியே தள்ளிக்கொண்டு வர, நாலு மணிக்கு வற்றாப்பளைக் கரையில் சரிவுப் பலகை இறங்கியது. ஒருவரும் கை வைக்கவில்லை. ஜெமீல் தானே சக்கரத்தை உருட்டி ஏறினார். ஏறிச் சுற்றிலும் பார்த்தார்.

“சனம் எங்கை?”

“அடுத்த ட்ரிப்புக்கு வருவினம்.”

வலது பக்கம் முன்னால் ஒரு ஸ்டியரிங் இருந்தது. அதற்குப் பின்னால் ஆசனம் இல்லை. வெறும் பலகையில் சக்கரத்தைக் கொழுவ நாலு கொக்கி மட்டும். ஜெமீலின் நாற்காலி அதற்குள் அச்சொட்டாகப் போய் நின்றது. வேகம் கூட்ட இடது கைப்பக்கம் ஒரு பிடி. காலுக்கு வேலையே இல்லை.

“எப்ப அளந்தனீ?”

“நீங்கள் நித்திரை கொள்ளேக்கை.”

இரட்டை மணி அடித்தது. ஜெமீலின் கை அவரைக் கேட்காமலே பிடியைத் தள்ளியது.

நடுக்களப்பில் தண்ணீர் முழங்காலளவுதான். திட்டில் கொக்குகள் மேய்ந்தன. பத்தாயிரம் வராது, இருநூறு இருக்கும். சிவராசா ஒருதரம் அடித்தார். ஜெமீல் எஞ்சினை நிறுத்தினார். கொக்குகள் மேய்ச்சலை விட்டுக் கழுத்தை நிமிர்த்தி வள்ளத்தையே பார்த்தபடி நின்றன. சிவராசா வாளியிலிருந்து சூடை மீனை அள்ளி எறிந்தார். தின்று முடிந்ததும் இரண்டுதரம் அடித்தார். எஞ்சின் இன்னும் உறுமவில்லை. ஒரு கொக்கு விடாமல் எல்லாம் எழும்பின. வெள்ளை நிழல் இருவருக்கும் மேலால் போனது.

ஜெமீல் கொக்கைப் பார்க்கவில்லை. மீன் வாளியைப் பார்த்தார், பிறகு வெறும் பலகையைப் பார்த்தார்.

“ராசா, இதுகளைப் பழக்க எத்தினை நாள் வந்தனீ?”

“ஒரு கிழமை.”

“ராசா.”

“ஏழு மாசம்.”

“ஆரோடை?”

சிவராசா வாயைத் திறந்தார். அந்த வாய்க்கு அன்றைக்குப் பார்த்து ஒரு பொய்யும் அகப்படவில்லை.

“தனியத்தான், நானா.”

காற்று மணிக்கயிற்றை ஆட்டியது. ஜெமீல் ஸ்டியரிங்கை ஒடித்துக் களப்பை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

கரையில் லதீபா போனோடு நின்றா. “நஸ்மியா கேக்கிறா, வெள்ளிக்கிழமை வான் எத்தினை மணிக்கு அனுப்ப எண்டு.”

“அனுப்ப வேண்டாம் எண்டு சொல்லு. எனக்கு நாளைக்கு நாலு மணிக்கு டியூட்டி.”

லதீபா போனைக் கையால் பொத்தினா. “அப்ப அந்தக் கொக்கு?”

சிவராசா சரிவுப் பலகையைத் துடைக்கிற சாட்டில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஜெமீல் தாடியைத் தடவினார்.

“பத்தாயிரம் இல்லை. டிக்கெட்டும் கேக்கேல்லை,” என்றார். “ஆனா ஒருக்கா அடிக்க நிண்டது, ரெண்டுதரம் அடிக்க எழும்பினது. ஓம், என்ர கண்ணாலை கண்டனான்.”