நகலில் இட்ட முத்திரை

வெண்மதி படித்த கல்லூரியில் ஓர் அறைக்கு ‘மாதிரி அலுவலகம்’ என்று பெயர். ஒட்டுப்பலகைத் தடுப்புக்குள் மேலாளருக்கென ஒரு சுழல் நாற்காலி, தபால் பிரிவுக்கென ஒரு மேசை, கோப்புகளுக்கென ஓர் இரும்பு அலமாரி, கம்பியே இணைக்கப்படாத ஒரு தொலைபேசி ஆகியவை அங்கே இருந்தன. அலுவலக நடைமுறைப் பட்டயப் படிப்பின் மாணவியர் முறைவைத்து மேலாளராகவும் எழுத்தராகவும், குறை சொல்லிக்கொண்டு வரும் பொதுமக்களாகவும் நடிக்க வேண்டும். பொதுமக்களாக நடிப்பதற்குத்தான் போட்டி மிகுதி. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருத்தி ஒப்பாரி வைத்தால் வகுப்பே குலுங்கிச் சிரிக்கும். வெண்மதிக்கோ தபால் மேசைதான் பிடிக்கும். மனுவின் இரு படிகளையும் வாங்கி, முதற்படியில் முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, அதே முத்திரையை நகலிலும் குத்தி, எண்ணும் தேதியும் எழுதிச் சுருக்கொப்பமிட்டுக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த வேலையில் அவள் கைக்கு ஒரு நறுவிசு உண்டு.

“கொண்டாந்தது யாருன்னு மூஞ்சியப் பாக்காதீங்கடி. தாளை வாங்கினா, வாங்கினேன்னு எழுதிக் குடுக்கணும். அது அவங்க உரிமை” என்பார் ஆசிரியை சரிதா.

அந்தப் படிப்பை முடித்தவர்களில் பலர் பண்ருட்டித் துணிக்கடைகளில் நின்றுகொண்டிருந்தார்கள். சிலர் திருமணமாகிப் போனார்கள். வெண்மதிக்கு மட்டும் நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் பயிற்சியாளராக இடம் கிடைத்தது. கரி ஏற்றிச் செல்லும் கன்வேயர் பெல்ட்டுகளுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை வாரிப் போடும் தொழிலாளர்கள் அந்த நிறுவனத்தின் ஆட்கள். கணக்கு எழுதிக்கொண்டிருந்த விஜயலட்சுமி மணமாகிச் சேலத்துக்குப் போய்விட்டபடியால் அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. “ஒழுங்கா இருந்தியானா உன்னையே போட்டுடலாம்மா” என்று மேலாளர் சடையப்பன் சொல்லியிருந்தார்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் வீட்டில் எல்லாரும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். தாய் ருக்குமணி பண்ருட்டிப் பக்கத்துக் கொட்டகை ஒன்றில் முந்திரிக்கொட்டை உடைப்பவள். கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு அவளுடைய உள்ளங்கையில் தோல் உரிந்துகொண்டேயிருக்கும். தந்தை தனகோட்டி வேறொரு ஒப்பந்தக்காரரிடம் மண் அள்ளியே தலை நரைத்தவர். “ஃபேனுக்குக் கீழ குந்தி வேலை செய்யணும்டி நீ. வேற இன்னாத்துக்கு உன்னைப் படிக்க வெச்சோம்?” என்று ருக்குமணி சோறு போடும்போதெல்லாம் சொல்லுவாள்.

ஆனால் அலுவலகத்தில் அவளுக்கு வாய்த்ததெல்லாம் நகல் எடுப்பதும், தேநீருக்குச் சொல்லி அனுப்புவதும், வருகைத் தாள்களை வரிசைப்படுத்துவதுமே. தபால் முத்திரை சடையப்பனின் இழுப்பறையில் பூட்டிக் கிடக்கும். மனுவோடு வருபவர்களிடம் அவர், “வெச்சிட்டுப் போங்க, பாக்கறேன்” என்பார். அவர்களும் வைத்துவிட்டுப் போவார்கள். அப்புறம் அந்தத் தாள்கள் எங்கே போயின என்பதை வெண்மதி கேட்டதில்லை. வேறு ஏதோ பதிவேடு இருக்கிறது போலும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை, சுரங்கத்தைப் பார்வையிட மேலதிகாரிகள் வருகிறார்கள் என்று தகவல் வரவே, வந்த பில்களுக்குத் தபால் முத்திரை குத்திக்கொண்டிருந்த சடையப்பன் அதை அப்படியே மேசையில் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு விரைந்தார். அவர் போன சற்று நேரத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி படியேறி வந்தாள். முத்தாண்டிக்குப்பத்துச் சின்னம்மாள். அவளுடைய கணவர் பெரியண்ணன் பெல்ட் வேலை செய்பவர்.

“உக்காருங்கக்கா. தண்ணி குடிக்கிறீங்களா?” என்றாள் வெண்மதி.

சின்னம்மாள் நாற்காலியின் விளிம்பில் பட்டும் படாமலும் அமர்ந்தாள். “இங்க வந்து வந்து செருப்பு தேஞ்சிப்போச்சு பாப்பா. இன்னிக்குத்தான் குந்துன்னு ஒரு வார்த்தை காதுல விழுது. எங்க வூட்டுக்காரரு ஷிப்டுல இருக்கசொல்ல ரோலருகிட்ட வழுக்கி வுழுந்துட்டாரு. கால் எலும்பு ரெண்டா பூட்ச்சு. போன வாட்டி குடுத்த தாளு காணோம்னு சொல்லிட்டாங்க. அதான் மறுபடியும் எழுதியாந்தேன். இந்த வாட்டி ரெண்டா எழுதச் சொன்னேன்.”

இரண்டு படிகள். மேசைமேல் முத்திரை. படித்த படிப்பைக் கையில் எடுக்க வெண்மதிக்கு அலுவலகம் கொடுத்த முதல் வாய்ப்பு அதுதான். அவள் இரண்டாவது முறை எண்ணிப் பார்க்கவேயில்லை. முத்திரையை மையில் ஒற்றி இரு படிகளிலும் அழுத்தினாள்; தபால் பதிவேட்டில் ஏற்றினாள்; நகலில் எண்ணும் தேதியும் எழுதிச் சுருக்கொப்பம் இட்டாள்.

“இத்த வெச்சிருந்தா இனிமே காணோம்னு சொல்ல முடியாதுல்ல?”

“முடியாதுக்கா” என்றாள் வெண்மதி, பெருமிதத்தோடு.

மாலையில் சடையப்பன் சட்டையெல்லாம் புழுதியாகத் திரும்பினார். அதிகாரிகள் திருப்தியாகப் போனார்கள் என்று சொல்லித் தேநீர் கேட்டார். தேநீர் வருவதற்குள் பதிவேடு அவர் கண்ணில் பட்டது.

“இது யாரு போட்ட என்ட்ரி?”

“நான்தான் சார். மனு வந்துச்சு. ரெண்டு காப்பி இருந்துச்சு, அதனால...”

“காப்பியிலயும் சீலு போட்டுக் குடுத்தியா?”

அவள் தலையசைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “காலேஜுல நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க” என்றார். அதில் பாராட்டு ஒன்றும் இல்லை.

“பெரியண்ணன் அன்னிக்கு ஷிப்டுலயே இல்லன்னு மைன்ஸ் ஆபீசுக்கு எழுதிக் குடுத்தாச்சும்மா. இப்ப நமக்கு எல்லாம் தெரியும்னு நம்ம சீலோட ஒரு தாளு அவன் வூட்டுல இருக்குது. அடுத்த மாசம் கான்ட்ராக்ட் ரின்யூவல். ஆக்சிடென்டை மறைச்சான்னு ஒரு பேச்சு எழும்பினாப் போதும், வேற கம்பெனிக்குப் போயிடும். பெல்ட்டுல இருக்கறவன் அத்தினி பேரும் தெருவுல நிப்பான். நானும்தான் நிப்பேன்.”

“அவரு நெசமா ஷிப்டுல இருந்தாரா சார்?”

“நீ என்னா, என்கொயரி ஆபீசரா?” அவர் குரலில் சினம் இல்லை, களைப்புதான் இருந்தது. “வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கோ. நம்பர் தப்பா விழுந்துடுச்சு, திருத்தணும்னு சொல்லி அந்தக் காப்பிய வாங்கியாந்துடு. போன்ல போட்டோ கீட்டோ எடுத்து வெச்சிருக்காங்களான்னும் பாத்துக்க. கொண்டாந்தா திங்கக்கிழமை உனக்கு ஆர்டர். இல்லன்னா காலேஜுல வேற பொண்ணைக் கேட்டுக்கறேன். உன் மேல கோவம் ஒண்ணும் இல்லம்மா. நீ போட்டது, நீதான் எடுக்கணும்.”

வீட்டில் அவள் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் தாய் அழுதிருப்பாள், தந்தை தலையைக் குனிந்துகொண்டு வெளியே போயிருப்பார். இரண்டையும் காண அவளுக்குத் தெம்பில்லை. வெள்ளிக்கிழமை காலை பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி ஆசிரியை சரிதாவுக்குத் தொலைபேசினாள். நடந்ததை எல்லாம் சொன்னாள்.

“மேடம், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்மா. நீ செஞ்சதுல தப்பே இல்ல.”

“அப்ப வாங்கியார வேண்டாமா மேடம்?”

“நான் எப்படிம்மா சொல்றது? போன வருஷம் ஒருத்திக்குக்கூட ஆபீஸ் வேலை அமையல. இந்த வருஷம் சேர்ந்தது ஏழெட்டுப் பேரு. கோர்ஸை மூடிடலாமான்னு பேசிக்கிறாங்க. உன் பேரையும் போட்டோவையும்தான் அட்மிஷன் நோட்டீசுல போடலாம்னு கேட்டு வெச்சிருந்தேன்.” பிறகு மெல்லிய குரலில், “வேலையை விட்டுடாதம்மா” என்றார்.

முத்தாண்டிக்குப்பத்தில் இறங்கி, முந்திரித் தோப்பை ஒட்டிய தெருவில் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். சின்னம்மாள் வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

“யோவ், நான் சொன்னேனே, சீலு குத்திக் குடுத்துச்சுன்னு, அந்தப் பாப்பா வந்துகினு இருக்குது பாரு! வா பாப்பா, உள்ள வா. பதிலு வந்துடுச்சா?”

பெரியண்ணன் கட்டிலில், கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிக் கிடந்தார். சின்னம்மாள் முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“பதில் வரலக்கா. நம்பர் தப்பா எழுதிட்டேன். அத்த திருத்தணும். அந்தக் காப்பியக் குடுத்தீங்கன்னா...”

சொல்லி முடிக்கும் முன்பே சின்னம்மாள் தகரப் பெட்டியைத் திறந்துவிட்டாள். துணிக்கடைப் பிளாஸ்டிக் கவர் ஒன்றில் குடும்ப அட்டையோடு அந்தத் தாளும் மடிப்புக் கலையாமல் இருந்தது. அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டு, தாளைக் கவரோடு எடுத்தாள்.

“இரு” என்றார் பெரியண்ணன். “நம்பரைத் திருத்தறதுன்னா பேனா போதுமேம்மா. இங்கியே குந்தித் திருத்திட்டுப் போலாமே. யாரு அனுப்சது, சடையப்பனா?”

வெண்மதி தரையைப் பார்த்தாள்.

“இந்தத் தாளு திரும்பி வராது. இன்னா?”

வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வழிநெடுக அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். ஆயினும், “வராதுண்ணே” என்றாள்.

சின்னம்மாளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் பொங்கிவிட்டாள். “அடிப்பாவி! குந்தச் சொல்லி, தண்ணி குடுத்து, எல்லாம் இதுக்குத்தானா? மொதத் தாளு தானா காணாமப் பூட்ச்சு. இதைக் காணாம அடிக்க வூடு தேடி ஆளு வந்து நிக்குது. இதுக்குத்தான் காலேஜு வெச்சி நடத்துறாங்களா?”

“கத்தாதடி. அது சீலு போடலன்னா நம்மகிட்ட இந்தத் தாளே இல்ல.” பெரியண்ணன் வெண்மதியிடம் திரும்பினார். “கொண்டு போனா வேலை போடுறாங்களா?”

“திங்கக்கிழமைன்னு சொன்னாருண்ணே.”

“பர்மனென்டா?”

“பர்மனென்ட் எல்லாம் இல்ல. ஆபீஸ் ஸ்டாஃபு.”

“நமக்கெல்லாம் அதான் பர்மனென்டு.” அவர் சிரித்தார், சிரித்தபோது கால் வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கிற்று. “இத்த வெச்சிகினு நான் மட்டும் இன்னா பண்ணப் போறேன்? கடலூருக்குப் போவணும், வக்கீலு புடிக்கணும். படியேற காலு ஏது? கூட வேலை செஞ்சவன் எவனையாவது சாட்சிக்குக் கூப்டா, அண்ணே எனக்கு ஷிப்டு இருக்குதுன்னு போயிடுறான். என் போனுல போட்டோகூடப் புடிக்க வராது. குடுத்துடு சின்னம்மா.”

“உனக்கு இன்னாத்துக்குய்யா அம்மாம் பெரிய மனசு?”

“மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல. அலுத்துப்போச்சுடி.”

சின்னம்மாள் கவரைக் கட்டிலின்மேல் எறிந்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். பெரியண்ணன்தான் எட்டி எடுத்து நீட்டினார். வெண்மதி வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்வதா, மன்னிக்கச் சொல்வதா என்று தெரியாமல், “வரேண்ணே” என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நிறுத்தத்தில் நிழற்குடை இல்லை. தூறல் விழத் தொடங்கியிருந்தது. பேருந்துக்காகச் சாலையை நோக்கி நின்றவளின் பின்னால் யாரோ ஓடிவரும் ஓசை கேட்டது. திரும்பினால், சின்னம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தாள். தாளைப் பறிக்கத்தான் வருகிறாள் என்று தோன்றிய அக்கணத்தில், வெண்மதியின் நெஞ்சிலிருந்து ஒரு பாறை புரண்டது போலிருந்தது. பறித்துக்கொள்ளட்டும், பிடுங்கிக்கொண்டார்கள் சார் என்று சடையப்பனிடம் சொல்லிவிடலாம், வேலை போனால் போகட்டும். அவள் கவரைக் கையில் எடுத்துத் தயாராகவே நீட்டினாள்.

“தாளு எனக்கு எதுக்கு? அவருதான் குடுத்துட்டாரே” என்றாள் சின்னம்மாள். “கவரைக் குடு. ரேஷன் கார்டு வைக்கணும். கூரை ஒழுவுது, வூட்டுல வேற கவரு இல்ல.”

வெண்மதி தாளை உருவிக்கொண்டு கவரைக் கொடுத்தாள். “அக்கா, நீங்க கேட்டீங்கன்னா இப்பவே...” என்று தொடங்கினாள்.

“நான் கேக்க மாட்டேன். நீ வேணும்னா குடு.”

கேட்டால் கொடுத்துவிடலாம், கேளாமல் கொடுக்க வெண்மதியின் கைக்கு வலுவில்லை. பண்ருட்டியிலிருந்து நெய்வேலி செல்லும் பேருந்து முகவிளக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. அவள் ஏறினாள். சின்னம்மாள் கவரை உதறித் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் தெருவுக்குள் நடந்தாள்.

உட்கார இடம் கிடைக்கவில்லை. கூட்டத்தில் கசங்காதபடியும், சன்னல் சாரல் படாதபடியும் வெண்மதி அந்தத் தாளைத் துப்பட்டாவுக்குள் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். அலுவலகத்தில் சடையப்பன் வாங்கி விரித்தபோது முத்திரையின் மை சிறிதும் பரவியிருக்கவில்லை. அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “சாப்டியாம்மா?” என்று கேட்டார்.

திங்கட்கிழமை அவளுக்குப் பணி ஆணை வந்தது. அலுவலகத்தில் தட்டச்சு தெரிந்தவர் வேறு எவரும் இல்லாமையால், சடையப்பன் சொல்லச் சொல்ல அதை அவளே தட்டச்சு செய்தாள்.