அதிர்ஷ்டக் கப்பலில் இல்லாத ஆள்

யாராபினிலிருந்து கடலுக்கு முந்நூறு மைல். ஆனாலும் போர்க்காலத்தில் கடற்படை தன் காவல் கப்பல் ஒன்றுக்கு அந்த ஊரின் பெயரை வைத்துவிட்டது. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஊருக்கு அன்று முளைத்த கொம்பு இன்னும் உதிரவில்லை. நாற்பது வருடம் கழித்து, பூங்காவில் அந்தக் கப்பலுக்கு வெண்கலப் பலகை திறக்கிறார்கள்.

அந்தக் கப்பலின் கொதிகலன் அறையில் மூன்று வருடம் வெந்தவர் கிளாரி டிராண்டர். கூட்டம் சேருமுன்பே வந்து, பலகையை மூடியிருந்த கொடியின் ஓரத்தைத் தூக்கிப் படித்தார். கடந்த மைல்கள் இருந்தன. காவல் காத்த சரக்குக் கப்பல்கள் இருந்தன. 'மூழ்கடித்த எதிரி நீர்மூழ்கி: ஒன்று. இழந்த உயிர்: இல்லை. அதிர்ஷ்டக் கப்பல்.'

அந்த நீர்மூழ்கி ஒரு திமிங்கலம். குண்டு போட்ட மறுநாள் மிதந்த கொழுப்பின் நாற்றம் கிளாரிக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.

"சார், மெர்வ் ஹாட்ரில் பேரு எங்க?"

கேட்டது பர்கிஸ்ஸிடம். ஓய்வுபெற்ற கமாண்டர், விழாக் குழுத் தலைவர், பலகை வாசகத்தின் ஆசிரியர். அந்தக் கப்பலில் அவர் இருந்தது ஆறு வாரம், அதில் நாலு வாரம் வாந்தி. மார்பில் பதக்கங்கள் மட்டும் கடைத்தெரு போலத் தொங்கின.

"காலையிலேயே ஆரம்பிச்சிட்டீங்களா கிளாரி? ஆவணப்படி அவர் கப்பல்ல சாகலயே. ஆஸ்பத்திரியில இறக்கின அன்னிக்கே பேரு கரைத்தளத்துப் பட்டியலுக்கு மாறிடும். அதுதான் வழக்கம். பதினோரு நாள் கழிச்சு செத்தப்ப அவர் நம்ம ஆளே இல்ல."

"கொதிகலன் ஆவி அவனை வேகவெச்சப்ப எந்தப் பட்டியல்ல இருந்தான்?"

"பலகை வார்த்தாச்சு, கிளாரி. போய் உக்காருங்க."

நியூகினிக் கரையோரம் விமானம் போட்ட குண்டு பக்கத்தில் விழுந்து நீராவிக் குழாய் பிளந்தது. கூட வேலைபார்த்த மெர்வ் கிளாரியை ஏணியில் ஏற்றித் தள்ளிவிட்டு, வால்வை மூடத் திரும்பினான். மூடினான். அதனால் பிழைத்த எழுபது பேரும் சேர்ந்துதான் இன்று அதிர்ஷ்டம்.

முன்வரிசையில் மெர்வின் தங்கை எட்னா, புதுத் தொப்பியோடு. அண்ணன் பெயரைத் தடவிப் பார்க்க இரண்டு பஸ் மாறி வந்தவள்.

கொடி விலகியது. கைதட்டினார்கள். எட்னா எழுந்து பலகையை மேலிருந்து கீழே படித்தாள். கீழிருந்து மேலே படித்தாள். பர்கிஸ் அதைக் கவனிக்காமல் ஒலிபெருக்கியில் முழங்கினார்: "இந்தக் கப்பலால ஒரு தாய்கூட அழுததில்லை!"

"எங்கம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தாங்களா?" என்றாள் எட்னா.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே செத்தது. கிளாரி எழுந்து தன் வண்டிக்குப் போனார். கொதிகலன் பழுதுபார்த்தே பிழைத்தவர் அவர். உலோகத்தில் அடித்துப் பதிக்கும் எஃகு எழுத்து அச்சுகளும் சுத்தியலும் வண்டியைவிட்டு இறங்கியதே இல்லை. கொண்டுவந்து பலகை முன் மண்டியிட்டார்.

"யோவ்! வார்க்க ரெண்டு மாசம் ஆச்சுய்யா அது!" பர்கிஸ் கத்தினார்.

"எனக்குப் பத்து நிமிஷம் போதும்."

"சார்ஜென்ட்! இந்த ஆளைப் பிடிங்க!"

போலீஸ் சார்ஜென்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வானத்தில் மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளாரி பலகை முழுக்கத் தேடினார். ஒரு பெயர் நுழைய இடமில்லை. பர்கிஸ் எழுதிய எதிலும் இடைவெளி இருந்ததில்லை.

"பேரை எங்க அடிக்கட்டும், எட்னா?"

"எந்த வரி பொய்?" என்றாள் எட்னா.

"நீர்மூழ்கி. திமிங்கலத்தைத்தான் கொன்னோம்."

"திமிங்கலத்துக்கு இடம் இருக்கு, எங்கண்ணனுக்கு இல்லயா? அது மேலயே அடிங்க."

"வரலாறு! அது வரலாறு!" என்று ஒலிபெருக்கி அலறியது. கிளாரி அச்சை நீர்மூழ்கி வரியின் மேல் வைத்து ஓங்கி அடித்தார். மெர்வ் ஹாட்ரில் என்ற எழுத்துகள் கோணலாக விழுந்தன. ஒவ்வொரு அடிக்கும் பர்கிஸ்ஸின் பதக்கங்கள் குலுங்கின. கடைசி எழுத்து வரை கிளாரியின் கோபம் இறங்கவில்லை. அடுத்து 'இழந்த உயிர்' வரியில் 'இல்லை' என்ற சொல்லின் மேல் அச்சை வைத்து, 'ஒன்று' என்று அடித்தார்.