தவிட்டுக்குக் கொடுத்த பெண்

1991 பிப்ரவரி 10. நாகரத்தினத்தைப் பெற்றவள் யார் என்பது எங்கள் ஊரின் முதியோர் அனைவருக்கும் தெரியும். நாகரத்தினத்துக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. இதுவே என் முறையீடு.

பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தால், பின்பு பிறக்கும் பிள்ளையை முறத்தில் கிடத்தி வேறொரு வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்பதும், பால் மறந்தபின் அத்தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்பதும் இப்பக்கத்து வழக்கம். அதனால், எந்தப் பிள்ளை அடம்பிடித்தாலும், "ஒன்னத் தவுட்டுக்குத்தான் வாங்குனோம்" என்று தாய்மார் கேலி செய்வர். காலஞ்சென்ற மிராசுதார் கலியபெருமாளின் மனைவி சௌந்தரநாயகியும் அப்படிச் சொல்லியே நாகரத்தினத்தை வளர்த்தாள். அவளும் சிரித்துக்கொண்டே வளர்ந்தாள். சென்ற மாதம், சாகக் கிடந்த சௌந்தரநாயகி அவள் கையைப் பற்றி, "அது வெளையாட்டுக்குச் சொன்னதில்லடி" என்றாள். பெற்றவளின் பெயரைச் சொல்லுமுன் பேச்சு நின்றுவிட்டது.

நாகரத்தினம் என்னிடம் படித்தவள். நானோ இவ்வூருக்குப் பிற்காலத்தில் வந்தவன், எனக்கும் தெரியாது. "சார், கூட வாங்க. தனியாக் கேட்டா சிரிக்கிறாங்க" என்றாள். மிராசுதாரிடம் காரியம் பார்த்த வைரக்கண்ணுவின் வீட்டுக்குச் சென்றோம்.

"என்ன வாத்தியாரே, எனக்குப் பரீட்சை வைக்க வந்தீங்களா?" என்று அவர் சிரித்தார்.

"மாமா, என்னப் பெத்தது யாரு?"

"தவுட்டுப் புள்ளைக்கு ஏது தாயி? வீடு இருக்கு, நெலம் இருக்கு. போயி அறுப்பப் பாரு."

"நெலத்த நீங்களே வச்சுக்குங்க. பேரச் சொல்லுங்க."

சிரிப்பு அடங்கிற்று, சொன்னார். தாய் காளியம்மாள். தந்தை அரசப்பன், மிராசுதாரின் குத்தகைக்காரர். குத்தகைக்காரர் பெயரைப் பதியும் சட்டம் வந்தபோது அரசப்பன் மனுக் கொடுத்தார். காளியம்மாள் தவிட்டோடு பிள்ளையை மீட்க வந்தாள். "மனுவைத் திரும்பப் பெற்றால் பிள்ளையைத் தருகிறேன்" என்றார் மிராசுதார். மனுவைத் திரும்பப் பெற்றனர், நிலம் போயிற்று. மிராசுதாரோ, "வித்தது வித்ததுதான்" என்று கதவை அடைத்தார். பார்த்து நின்ற ஊரார் வாய் திறக்கவில்லை. அவர்களும் அவருடைய குத்தகைக்காரர்களே.

"இப்ப எங்க இருக்காங்க?"

"ஒங்கம்மா முத்துப்பேட்டையில மீன் கூடை தூக்குச்சு. கார்த்திகையில எறந்துபோச்சு. ஊருல சில பேரு சாவுக்குப் போயிட்டு வந்தோம்."

"கார்த்திகையிலயா? நான் இங்கதானே மாமா இருந்தேன்?"

"ஒன்ன வளத்த ஆச்சி மனசு நோவுமேன்னுதான்..." என்று தலைகுனிந்தார் வைரக்கண்ணு.

அவள் அழவில்லை. "அப்பா?" என்றாள்.

"பூதலூர்ப் பக்கம் போனாருன்னு கேள்வி. அப்புறம் தெரியலம்மா."

பூதலூரில் இருவரும் விசாரித்து வருகிறோம். "எதுக்கும்மா பழசக் கெளறுற?" என்பதே கேட்ட இடமெல்லாம் கிடைக்கும் மறுமொழி. அரசப்பன் உயிரோடிருந்தால் எழுபதை நெருங்கியிருப்பார். அரிவாள் பட்டு வலக்கைச் சுட்டுவிரலின் நுனியை இழந்தவர். இதைப் படிக்கும் உங்களுக்கு அவரைத் தெரியுமாயின், யார் மனம் நோகும் என்று நீங்கள் கணக்கிட வேண்டா. அவர் இருக்குமிடத்தை அவளிடம் சொல்லுங்கள், இன்றே சொல்லுங்கள்.